நீல பேசின் வந்து நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓர் இடம் வரும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி ஃபாதர் அழைப்பார். எல்லாரும் கைகூப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் தலை தாழ்த்துவோம். பத்து விநாடிகூட ஆகாது, அதற்குள் அடுத்த பாடல் தொடங்கிவிடும். இருபத்தேழு வருடமாக அந்தப் பத்து விநாடியில் என் நண்பன் முதலில் திரும்புவது என் பக்கம்தான். மற்றவர்களெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு அவன் முதலில் மறுபக்கம் திரும்பினான்.

கூப்பிய கை கூப்பியபடி இருக்க, அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிடரியில் முடி புதிதாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவனைத் தாண்டி அந்தப் பக்கம் நின்ற ஆள்தான். தேவகோட்டையிலிருந்து ஆறு வருடத்துக்கு முன் காரைக்குடிக்கு வந்து, எங்கள் தெருவிலேயே குடியேறி, எங்கள் கோவிலிலேயே சேர்ந்து, எங்கள் வார்டிலேயே எதிர்க்கட்சியின் செயலாளராகவும் ஆனவன். பெயர் வேண்டாம். தேவகோட்டைக்காரன் என்றே சொல்கிறேன். அப்போதும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில நாள் அதைவிடக் கேவலமாகவும்.

நண்பனும் நானும் ஒரே கட்சி. கல்லூரியில் படிக்கும்போதே சேர்ந்தோம். பசை வாளியை அவன் தூக்குவான், போஸ்டரை நான் ஒட்டுவேன். பிறகு அவன் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி வார்னிஷ் பூசும் கடை வைத்தான். நான் அதற்கு எதிரிலேயே கம்ப்யூட்டரும் சின்ன அச்சு மெஷினுமாக உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் நோட்டீஸ். கவிதை எழுதுகிறவன் என்பதால் கட்சிக்கு அடுக்குமொழி எழுதும் வேலை என் தலையில். எழுதியதும் முதலில் அவனிடம்தான் வாசித்துக் காட்டுவேன். வார்னிஷ் வாடை வீசும் கையால் தொடையில் தட்டி, "போடு மாப்ள" என்பான். அந்த ஒரு தட்டு போதும். என் வரியை வேறு யாரோ பேசிய எத்தனையோ மேடைகளில் கிடைத்த கைத்தட்டல் எதுவும் அந்தத் தட்டுக்கு ஈடில்லை. என் வாழ்க்கையில் நான் யாரிடமிருந்தும் பங்கு கேட்காமல் முழுசாக வைத்திருந்தது அவன் ஒருவனைத்தான் என்று நினைத்திருந்தேன்.

தேர்தலும் தவக்காலமும் ஒன்றாக வந்த வருடம் அது. சாம்பல் புதன் கழிந்த வாரம், கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீடு, மோட்டார் ஓடவில்லை. நண்பன் போனான். மேல்தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணி துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. மேலிருந்து மூன்றாவது படி கையோடு வந்துவிட்டது. முற்றத்துக் கல்லில் விழுந்தான்.

அந்த நேரம் அதே வீட்டு வாசலில், சமையல் பாத்திரங்களையும் நாற்காலிகளையும் தன் குட்டியானைச் சரக்கு வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான் தேவகோட்டைக்காரன். ஒரு கதவுப் பலகையில் இவனைப் படுக்கவைத்து, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன்.

வழியில் நண்பன் எனக்கு மூன்று தடவை போன் செய்தான். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு பலரிடம் சொன்னேன். அந்தப் பொய்யை இங்கே சொல்ல மாட்டேன். தேர்தல் அலுவலகத் திறப்பு விழா அழைப்பிதழ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றிலும் கட்சிக்காரர்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நான் கூப்பிட்டபோது வேறு குரல் எடுத்தது.

"அண்ணே, பதறாதீக. அண்ணனக் கொண்டாந்து சேத்தாச்சு. இடுப்பு எலும்புன்னு சொல்றாக. ஆப்பரேசன் பண்ணனுமாம்."

பதற வேண்டாம் என்று எனக்கு இவன் சொல்கிறான். என் நண்பனுக்காக நான் எவ்வளவு பதற வேண்டும் என்பதை இவன் அளந்து கொடுக்கிறான். வலிக்கிறவனுக்காகத் துடிக்க வேண்டிய முதல் நிமிடத்தில் எனக்கு வந்தது இந்த எண்ணம்தான்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் போனேன். கையில் சாத்துக்குடிப் பை. ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் நண்பன். முகமெல்லாம் சோப்பு நுரை. தேவகோட்டைக்காரன் கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"வா மாப்ள. பாத்தியா, எதிர்க்கட்சிக்காரன்கிட்டக் கழுத்தக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்."

"அண்ணே, ஓட்டு எங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பத்தான் அந்தப் பக்கம் மழிப்பேன்."

"பாதித் தாடியோட குழிக்குப் போனாலும் போவேன்டா. ஒனக்கு ஓட்டு கெடையாது."

"சாட்சிக்கு அண்ணன் இருக்காக. பாத்துக்கங்கண்ணே, எம்புட்டு நன்றி இந்த மனுசருக்கு."

இருவரும் சிரித்தார்கள். வயிறு குலுங்கினால் தையல் வலிக்கும், வலித்தபடியே சிரித்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. இத்தனை வருடப் பழக்கத்தில் அரசியல் என்றால் எங்கள் இருவருக்கும் ஒரே கோபம்தான். அதை வைத்துச் சிரிக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் அவனோடு சேர்ந்து எதிரியைத் திட்டியிருக்கிறேன். எதிரியோ அவனோடு சேர்ந்து சிரிக்கிறான்.

என்னமோ சொல்ல வந்தான் நண்பன்: தூக்கும்போது தேவகோட்டைக்காரன் காலில் பலகை விழுந்தது, அது இது என்று. நான் கேட்கவில்லை. சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். மேஜையில் ஏற்கனவே ஒரு பை சாத்துக்குடி இருந்தது. என்னுடையதைவிடப் பெரியது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பிசியோதெரபிக்கு, எக்ஸ்ரேக்கு, கோவிலுக்கு, எல்லாவற்றுக்கும் குட்டியானையின் முன்சீட். நான் கடைக் கம்ப்யூட்டரின் பின்னால் உட்கார்ந்து, எதிரே வண்டி வந்து நிற்பதையும், அவன் இறங்கி இவனைத் தாங்கி ஏற்றுவதையும் பார்ப்பேன். ஒரு நாளாவது என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் கூட்டத்தில், விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்தது. நண்பன் கண்ணை மூடிக்கொண்டு, தன்னைத் தூக்கிச் சுமக்கிற தம்பிக்காகவும் அவன் குடும்பத்துக்காகவும் மன்றாடினான். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொல்ல வேண்டும். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பிறர் செழிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. பிறருக்காகச் சொல்லப்பட்ட ஜெபத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான்.

அந்த வாரம்தான் எங்கள் வார்டுக்கு நோட்டீஸ் எழுதக் கட்சியில் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரன் உதவி செய்தே ஓட்டு வாங்கிவிடுவான் போலிருக்கிறது, ஏதாவது செய் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக அடித்தது:

உடைந்த இடுப்பைத் தூக்குவது உதவியா? ஓட்டுப் பொறுக்கும் உத்தியா?

கீழே இன்னும் நான்கு வரி. எதுகையும் மோனையும் தண்ணீராய் ஓடின. பொறாமைக்கு யாப்பு நன்றாக வரும்.

வீட்டில் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒன்றை உருவிப் படித்தாள்.

"இதுல இடுப்பு ஒடஞ்சவருன்னு யாரச் சொல்லிருக்கீக?"

"பொதுவாச் சொன்னது."

"நம்ம வார்டுல எத்தன பேருக்கு இடுப்பு ஒடஞ்சு கெடக்காம்?"

அடுத்த கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டேன். அவள் நோட்டீஸை மறுபடி கட்டுக்குள் வைக்கவில்லை. மடித்துக் கொண்டுபோய்ச் சமையலறை அடுப்புக்கு அடியில் சொருகிவிட்டாள். தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர் பெயர் போட வேண்டும் என்பது விதி. ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் என் கடையின் பெயர்.

நண்பன் ஒன்றும் கேட்கவில்லை. தேவகோட்டைக்காரனும் கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி, "வாரீகளாண்ணே, பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் போறேன்" என்பான். அது எனக்கு இன்னும் எரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் இருவரும் ஒரே உயரத்தில் நின்றிருப்போம்.

புனித வாரம் வந்தது. பெரிய வியாழன் அன்று கோவிலில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார்; அது எல்லா ஊரிலும் உள்ளது. எங்கள் அன்பியத்தில் அதற்கு முந்தின நாள் நாங்களே ஒருவருக்கொருவர் கழுவுகிற வழக்கம் ஒன்று உண்டு. எங்களை நடத்துகிற ரிட்டயர்டு டீச்சர் ஆரம்பித்தது. யாரோடு மனத்தாங்கல் இருக்கிறதோ அவர் முன்னால் கால் கழுவும் பேசினை வைக்க வேண்டும். பிடித்தவர் முன்னால் வைக்கக் கூடாது. யாருடைய கால் கழுவப்பட்டதோ அவர் எழுந்து பேசினை எடுத்துக்கொண்டு தன்னுடைய ஆளிடம் போக வேண்டும். அந்த நேரம் முழுக்க யாரும் வாய் திறக்கக் கூடாது.

"காரணம் சொல்லக் கூடாது, மன்னிப்புக் கேக்கக் கூடாது" என்று டீச்சர் வருடா வருடம் சொல்வார். "தண்ணிய ஊத்தணும், தொடைக்கணும், எந்திரிச்சு வந்துரணும். மத்தத ஆண்டவர் பாத்துக்கிருவாரு."

நாங்கள் அதையும் விளையாட்டாக்கி வைத்திருந்தோம். ஒரு வருடம், வாங்கிப்போன குடையைத் திருப்பித் தரவில்லை என்று நான் நண்பன் காலைக் கழுவினேன். மாமியார்கள் மருமகள்களுக்குக் கழுவி ஜோலியை முடித்துக்கொள்வார்கள். ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை கறிக்குழம்பு வாசனை வந்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரி காலைக் கழுவியதும் உண்டு.

இந்த வருடம் டீச்சர் கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தார். "தேர்தல் நேரம். எந்தக் கட்சிக் கரை வேட்டியும் உள்ள வரக் கூடாது. வெள்ள வேட்டி கட்டிட்டு வாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு பீரோவைக் குடைந்தேன். என் வேட்டிகள் எல்லாவற்றிலும் கட்சிக் கரை. கட்சிக் கல்யாணத்தில் கொடுத்தது, மாநாட்டில் வாங்கியது, காசு கொடுத்து நானே எடுத்தது.

"கலியாண வேட்டி இருக்குமே?"

"அத நீங்க போன தேர்தல்ல மேடைக்குப் பின்னால தெரையாக் கட்டிட்டீக" என்றாள் மனைவி.

கடைசியில் பேன்ட்டோடு போனேன். நண்பன் வீட்டில்தான் கூட்டம். அவனால் வீடு வீடாகப் படியேறி வர முடியாது என்பதற்காக. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் நீல பிளாஸ்டிக் பேசின், ஒரு வாளித் தண்ணீர், சொம்பு, துண்டு. நண்பன் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் தேவகோட்டைக்காரன். வெள்ளை வேட்டி. முழங்காலுக்குக் கீழே காப்பி நிறத்தில் ஒரு கறை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். மோட்டார் வார்னிஷ். பல வருடத்துக்கு முன் கடையில் டப்பாவைத் தட்டிவிட்டது நான்; தெறித்தது நண்பன் வேட்டியில். அவனிடமும் கட்சிக் கரை இல்லாத வேட்டி அது ஒன்றுதான். அதை இவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வேட்டி இருக்கிறதா என்று ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். நான் போன் எடுப்பேன் என்று அவனுக்கு என்ன நிச்சயம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நற்செய்தி வாசித்தார்கள். வீட்டுக்காரன் என்பதால் நண்பன் முதலில் தொடங்கட்டும் என்று டீச்சர் கையைக் காட்டினார்.

அவன் எழ முயன்றான். தேவகோட்டைக்காரன் தாங்கினான். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. கடவுளே, இந்த மனிதன் இப்போது திரும்பி அவன் காலடியில் உட்காரப் போகிறான், இவ்வளவு செய்ததற்கு நன்றியாக. ஊர் பார்க்க, என் மனைவி பார்க்க, நானும் பார்க்க வேண்டும். ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

வாக்கர் நகர்ந்தது. தரையில் அதன் ரப்பர் முனைகள் ஒவ்வொன்றாக ஊன்றி ஊன்றி வட்டத்தைக் கடந்தன. என் முன்னால் வந்து நின்றன.

ஒரு மூச்சு நேரம் நான் ஜெயித்தவன். இப்போது எழுதவே கூசுகிறது. ஆனாலும் அந்த மகிழ்ச்சி உண்மை. அத்தனை பேர் இருக்க அவன் என்னிடம் வந்தான். அவனை விட்டுவிட்டு என்னிடம். தேவகோட்டைக்காரன் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். வழியில் என் மனைவியின் முகம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் வழக்கம் ஞாபகம் வந்தது. பேசின் யார் முன்னால் வைக்கப்படும் என்பது ஞாபகம் வந்தது.

சிவப்பு ஸ்டூலை யாரோ கொண்டுவந்து போட்டார்கள். அவனால் தரையில் உட்கார முடியாது, குனியவும் முடியாது. தேவகோட்டைக்காரன் அவனுக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளைந்து, நண்பன் என் பேன்ட்டின் ஓரத்தை மடித்துவிட்டான். சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினான். குளிர்ந்தது. விரல் இடுக்கில் தேய்த்தான், மோட்டாரில் சிக்கிய மண்ணை எடுக்கிற அதே கவனத்தோடு. நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவன் நெற்றியில் வலி வியர்வையாகப் பொடித்தது. துளி ஒன்று மூக்கு நுனியில் தொங்கிப் பேசினில் விழுந்தது.

சொல்ல எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. அது பொதுவாக எழுதியது, கட்சியில் கேட்டார்கள், உன்னைச் சொல்லவில்லை. எதையும் சொல்லக் கூடாது. வார்த்தையில் பிழைக்கிறவனிடமிருந்து வார்த்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காலைக் கழுவுகிறார்கள். அப்போதுகூட, அந்த நிமிடத்தில்கூட, என் கண் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்: அவன் இடுப்பைச் சுற்றியிருந்த அந்த இரண்டு கைகளில். என் காலடியில் இருக்கும்போதும் அவனுடைய பாரம் முழுக்க இன்னொருவன் மேல்தான் இருந்தது.

துடைத்து முடித்தான். அடுத்தது என் முறை.

ஈரக் காலோடு எழுந்தேன். அவன் காலைத் திருப்பிக் கழுவிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. பேசினை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் தலையசைத்தான், வேண்டாம் என்று. பிறகு முகவாயால் தனக்குப் பின்னால் காட்டினான்.

தேவகோட்டைக்காரன் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். நான் பேசினோடு அவன் முன்னால் போனேன். அவன் கூச்சத்தோடு என் நண்பனின் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தான். குதிகாலெல்லாம் வெடிப்பு. வலது கால் பெருவிரல் நகம் முழுக்கக் கறுத்து, பாதி எழும்பி நின்றது. கதவுப் பலகை விழுந்த இடம். ஆஸ்பத்திரியில் நண்பன் சொல்ல வந்து நான் கேட்காமல் விட்டது. இந்த நகத்தோடுதான் இத்தனை வாரமாக அவனைத் தூக்கி இறக்கியிருக்கிறான்.

தண்ணீரை ஊற்றினேன். இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம். அதற்கு முன்னால் வந்தது பொறாமை. இந்த நகம் என் காலில் கறுத்திருக்க வேண்டியது. மூன்று தடவை அடித்த போனை எடுத்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய காயம் இது. அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாதபடி அது அவன் உடம்பிலேயே இருந்தது. அந்த விரலை மட்டும் தேய்க்காமல், சுற்றிலும் தண்ணீரை விட்டேன்.

உள்ளங்காலைத் தொட்டதும் அவன் வெடுக்கென்று காலை இழுத்தான்.

"அண்ணே, கூசுதுண்ணே."

டீச்சர், "ஸ்ஸ்!" என்றார். எனக்குப் பின்னால் நண்பன் மூக்கால் சிரித்தான். தேவகோட்டைக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், நானும் சிரிக்கலாம் என்பதுபோல. நான் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"மாப்ள, இன்னைக்கு பிசியோவுக்குப் போகணும். கார் எடுத்துட்டு வர்றியா?"

"அவன் எங்க?"

"அவுக வேட்பாளர் வாராராம். வண்டி பூராம் மைக்செட்டக் கட்டிட்டான்."

"ஓ. அவனுக்குத் தோதுப்படலன்னுதான் என்னயக் கூப்புடுறியா?"

"ஆமா" என்றான். "வேற எதுக்குக் கூப்புடுவாக?"

மச்சினன் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவன் வாசலில் வாக்கரோடு நின்றான். எங்களுக்கு நடுவில் இரண்டே படி. அந்த இரண்டு படியில் என் வாய் திறந்துகொண்டது.

"அந்த நோட்டீசு..."

"படிச்சேன். எதுகை மோனையெல்லாம் நல்லாத்தான் வந்திருந்துச்சு" என்றான். "எழுதுறதுக்கு என் இடுப்புதான் கெடச்சுச்சா ஒனக்கு?"

தெருமுனையில் குட்டியானை போனது, அவர்கள் கொடியைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு. தேவகோட்டைக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து ஆட்டினான். நண்பனும் ஆட்டினான்.

"ஓட்டு நம்ம கட்சிக்குத்தான் மாப்ள போடுவேன். அதுல ஒனக்குச் சந்தேகம் வேணாம். ஆனா பூத்துக்கு அவன் வண்டியிலதான் போவேன். சொல்லிட்டேன்."

"போ. நான் வேணாங்கலயே."

"ஒன் மூஞ்சி வேணாங்குது."

அவனை இறக்குவதற்காக அவன் கக்கத்தில் கை கொடுத்தேன். "ஆ" என்று முகத்தைச் சுளித்தான்.

"அங்குட்டு இல்லடா, வலிக்குது. அவன் இடுப்பத்தான் புடிப்பான். பின்னால நின்னு ரெண்டு கையாலயும்."

அவன் பிடிப்பதுபோல. அவன் நிற்கும் இடத்தில். வாக்கரைச் சுற்றிக்கொண்டு நண்பனுக்குப் பின்னால் போனேன். இரண்டு கையையும் அவன் இடுப்பில் வைத்தேன். லேசாக இருப்பான் என்று நினைத்திருந்தேன்.

"இப்டியா?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றான்.